அலாஸ்கா ஓட்டத்தில் கப்பல் வேலை: கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் ஊர் பார்ப்பது

கேள்வி இது: "கேட்டரிங் முடித்துவிட்டு ஒரு பயணிகள் கப்பலில் அசிஸ்டென்ட் வெயிட்டர் வேலை கிடைத்திருக்கிறது. மே மாதம் சியாட்டிலில் ஏறுகிறேன், செப்டம்பர் கடைசி வரை அலாஸ்கா. ஊர்களைப் பார்க்க உண்மையிலேயே நேரம் கிடைக்குமா? கிடைத்தால் எங்கே போகலாம், செலவு எவ்வளவு பிடிக்கும், என்ன ஷூ வாங்கிக்கொள்வது?"

நேரம் கிடைக்கும் தம்பி. பயணிகளுக்குக் கிடைப்பதுபோல முழு நாள் கிடைக்காது. இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று. ஐந்து பருவம் அந்த ஓட்டத்தில் டைனிங் ரூமில் வேலை பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன், அந்த இரண்டு மணி நேரத்தை ஒரு நாள் கணக்கில் பார்க்காதீர்கள், பருவத்தின் கணக்கில் பாருங்கள். ஏழு நாள் சுற்று என்பதால் ஒவ்வொரு ஊருக்கும் வாராவாரம், பெரும்பாலும் அதே கிழமையில் வந்து நிற்பீர்கள். மே முதல் செப்டம்பர் வரை ஏறக்குறைய இருபது தடவை. உங்கள் மேஜையில் சாப்பிடுகிற பயணி கெச்சிகன் என்ற அலாஸ்கா ஊரை வாழ்நாளில் ஒரு தடவை பார்ப்பார். நீங்கள் இருபது தடவை பார்ப்பீர்கள். அதனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். வாரத்துக்கு ஒரு தெரு, ஒரு பாதை, ஒரு கட்டடம் போதும். மறுவாரம் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

முதலில் நேரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, ஓய்வு நேரக் கணக்கைப் பின்பற்றும் கப்பலில் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு கொடுக்க வேண்டும். வார விடுமுறை என்று ஒன்று கிடையாது. வேலை துண்டு துண்டாக வரும். துறைமுக நாளில் பயணிகள் காலையிலேயே இறங்கிவிடுவார்கள், மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டம் இருக்காது. காலை ஷிஃப்ட் பத்து மணி வாக்கில் முடிந்து, சாயங்காலம் டின்னர் வேலை தொடங்கும் வரை ஒரு இடைவெளி விழும். உங்கள் ஊர் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

அதிலும் இரண்டு கழிவு உண்டு. ஒன்று ஐ.பி.எம். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது ஏதாவது அவசரம் என்றால் கையாள ஒரு பகுதி ஊழியர்கள் கப்பலிலேயே இருந்தாக வேண்டும். அது சுழற்சி முறையில் வரும். உங்கள் முறை வரும் நாளில் கேங்வேயை, அதாவது கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் பாலத்தை, தாண்ட முடியாது. இன்னொன்று ட்ரில். தீயணைப்பு, படகுப் பயிற்சி எல்லாம் பெரும்பாலும் துறைமுக நாளில், பயணிகள் இறங்கிய பிறகுதான் வைப்பார்கள். கப்பலில் ஏறிய முதல் வாரமே ஐ.பி.எம். பட்டியலையும் ட்ரில் அட்டவணையையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த வாரம் எந்த ஊர் உங்களுடையது என்று ஒரு மாதத்துக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டால் தோழர்களோடு முறை மாற்றிக்கொள்ளலாம். எனக்கு வேண்டிய ஊர் கெச்சிகன், என் அறைத் தோழருக்கு வேண்டியது ஜூனோ. இரண்டு பருவம் முழுக்க நாங்கள் மாற்றி மாற்றியே ஓட்டினோம்.

முதல் மூன்று வாரம் தூங்குங்கள். உடம்பு வேலைக்குப் பழகும் முன்னால் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஊர் சுற்றியவர்கள் ஜூன் மாதத்திலேயே காய்ச்சலில் படுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஊர் அங்கேயேதான் இருக்கும், அடுத்த வாரம் நீங்கள்தான் அதனிடம் திரும்பி வரப்போகிறீர்கள்.

சியாட்டிலிலிருந்து கிளம்பும் வழக்கமான சுற்றில் ஜூனோ, ஸ்காக்வே, கெச்சிகன் மூன்றும் இருக்கும், நடுவில் ஒரு நாள் பனியாறு. திரும்பும் வழியில் கனடாவின் விக்டோரியாவில் சாயங்காலம் சில மணி நேரம் நிற்கும். வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றி, வெளிநாடு எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகத்திலேயே இறக்கிவிடக் கூடாது என்று 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் அந்த நிறுத்தம். டின்னர் நேரம் என்பதால் டைனிங் ரூம் ஆட்களுக்கு விக்டோரியா அநேகமாகக் கிடைக்காது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கெச்சிகனைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்கிறேன். எட்டாயிரம் பேர் வசிக்கும் ஊர், ஒரு தீவின் ஓரத்தில் மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 150 அங்குலம் மழை, அதாவது சென்னையில் பெய்வதைப்போல இரண்டரை மடங்கு. துறையை ஒட்டியே பெரிய மழைமானிப் பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள். கப்பல் ஊருக்கு நடுவிலேயே வந்து நிற்கும். கேங்வேயிலிருந்து கால் வைத்தால் கடைத்தெரு. துறையை ஒட்டிய நகைக்கடைகளையும் டி-ஷர்ட் கடைகளையும் கடந்து பத்து நிமிடம் நடந்தால் கெச்சிகன் ஓடை வரும். ஓடையின் மேல் மரத்தூண்களில் நிற்கும் வீடுகளும், அவற்றை இணைக்கும் பலகை நடைபாதையும்தான் க்ரீக் ஸ்ட்ரீட். 1950களின் நடுப்பகுதி வரை அது விலைமாதர் தெரு. மீன்பிடிக்கவும் மரம் வெட்டவும் சுரங்கத்துக்கும் வந்த ஆண்களின் ஊராக இருந்த காலத்தின் மிச்சம். இப்போது கடைகளும் ஒரு சின்ன அருங்காட்சியகமும் இருக்கின்றன. பயணிகள் அங்கே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்கள் ஓடையோரமாகவே மேலே நடங்கள்.

மே மாதத்தில் அந்த ஓடையில் தண்ணீரையும் கல்லையும் தவிரப் பெரிதாக எதுவும் தெரியாது. ஜூலை நடுவில் ஒரு நாள் பாலத்தில் நின்று பார்த்தபோது, அடியில் கிடந்த கற்கள் நகர்வதுபோல இருந்தது. கல் இல்லை, மீன். பிங்க் சால்மன். கடலில் வெள்ளியாக இருந்த மீன் ஆற்றுக்கு வந்ததும் பச்சையும் பழுப்புமாக மாறிவிடுகிறது, ஆண் மீனுக்கு முதுகில் கூன் விழுந்து மூக்கு வளைந்துவிடுகிறது. நன்னீருக்குள் வந்த பிறகு அது தின்பதை நிறுத்திவிடும். உடம்பில் இருப்பதை வைத்துக்கொண்டே அருவியோரம் ஏறிப்போகும். ஏற முடியாத இடத்தில் அதற்கென்று படிப்படியாகத் தொட்டிகள் கட்டிய மீன் ஏணி ஒன்று இருக்கிறது. ஒரு மீனைக் குறி வைத்துக்கொண்டு பார்த்தேன். மூன்று தடவை பாய்ந்து மூன்று தடவையும் தண்ணீர் அதைக் கீழே தள்ளியது. நான்காவது தடவை பாய்வதற்குள் எனக்கு நேரம் முடிந்துவிட்டது. மறுவாரம் வந்தபோது ஓடை நிறைய மீன், முகத்துவாரத்தில் கடல்நாய்கள் தலையைத் தூக்கிக் காத்திருந்தன. ஆகஸ்ட் கடைசியில் முட்டையிட்டுச் செத்த மீன்கள் கரையெல்லாம் கிடக்கும், வாடை தெரு வரை வரும், மரத்துக்கு மரம் வெண்தலைக் கழுகு உட்கார்ந்திருக்கும். பிங்க் சால்மனுக்கு ஆயுசே இரண்டு ஆண்டுதான். இதை முழுசாகப் பார்க்கப் பத்துப் பன்னிரண்டு வாரம் வேண்டும். அந்த அவகாசம் ஊர்க்காரர்களுக்கு இருக்கிறது, நமக்கு இருக்கிறது.

அந்த ஓடையோரத்திலேயே டோட்டம் ஹெரிடேஜ் சென்டர் இருக்கிறது, 1976இல் திறந்தது. ஆள் இல்லாமல் போன டிலிங்கிட், ஹைடா பழங்குடி ஊர்களிலிருந்து கொண்டுவந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு மரத்தூண்கள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. வண்ணம் போய், மரம் வெடித்து, சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. கடைத்தெருவின் பளபளப்பான தூண்களைப் பார்த்துவிட்டு இவற்றின் முன் போய் நின்றால் குரலே தாழ்ந்துவிடும். நம் ஆட்கள் பலர் இவற்றைக் குலதெய்வச் சிலை என்று நினைத்துக் கும்பிடப் போவார்கள். அவை வழிபாட்டுக்கானவை அல்ல. ஒரு குலத்தின் வரலாறு, உரிமை, இறந்தவர் நினைவு, இவற்றை மரத்தில் எழுதி நிறுத்தியவை.

சில தூண்கள் கடனையும் சொல்லும். ஊருக்குத் தெற்கே இரண்டரை மைலில் சாக்ஸ்மன் என்ற டிலிங்கிட் ஊர், நகரப் பேருந்து போகும். அங்கே மூக்கும் காதும் சிவப்படித்த ஒரு மனிதர் தூண் உச்சியில் இருக்கிறார். 1867இல் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு வாங்கிய அமெரிக்க அமைச்சர் வில்லியம் சீவர்ட்தான் அவர். 1869இல் அவர் வந்தபோது ஒரு தலைவர் பெரிய விருந்து வைத்து வெகுமதிகள் கொடுத்தார். அவர்கள் முறைப்படி வாங்கியதைத் திருப்பிச் செய்ய வேண்டும். சீவர்ட் செய்யவில்லை. அதற்காக நிறுத்திய தூண் அது. நம் ஊரில் மொய் நோட்டை எடுத்துப் பார்த்து, "நாம் வைத்ததை அவர்கள் திருப்பி வைக்கவில்லை" என்று சொல்வோமே, அதையே ஊருக்கு நடுவில் மரத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வண்ணத்தைப் புதுப்பித்தும் புதிதாகச் செதுக்கியும் அந்தக் கணக்கை இன்னும் மூடாமல் வைத்திருப்பதில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

சரி, ஜூனோ. மாநிலத் தலைநகரம், முப்பத்திரண்டாயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். ஆனால் வெளியூரிலிருந்து சாலை கிடையாது, கப்பலிலோ விமானத்திலோதான் வர முடியும். இங்கே கடல் ஏற்ற இறக்கம் சில நாள் இருபது அடியைத் தாண்டும். காலையில் ஒரு டெக்கிலிருந்து இறங்கிய கேங்வே மதியம் வேறொரு டெக்குக்கு மாறியிருக்கும். கடைசி நிமிடத்தில் ஓடிவருபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

துறையில் இறங்கியதும் ஒரு நாயின் வெண்கலச் சிலை இருக்கும். பாட்ஸி ஆன். 1930களில் இந்த ஊரில் இருந்த புல் டெரியர், காது கேட்காது. ஆனாலும் கப்பல் வருவதை எல்லோருக்கும் முன்னால் உணர்ந்து துறைக்கு ஓடிவிடுமாம். 1934இல் மேயர் அதை ஜூனோவின் அதிகாரபூர்வ வரவேற்பாளராக அறிவித்தார். 1942இல் இறந்தது, ஐம்பது ஆண்டு கழித்துச் சிலை வைத்தார்கள். உட்கார்ந்த நிலையில் கடலையே பார்த்துக்கொண்டிருக்கும். கப்பலில் வந்து இறங்கும் எங்களுக்கு அதைத் தொடாமல் போக மனம் வராது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மணிலா ஸ்கொயர், பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹோசே ரிசாலின் மார்பளவுச் சிலையோடு. பிலிப்பினோக்கள் நூறு ஆண்டுக்கு மேலாக அலாஸ்காவின் மீன் பதப்படுத்தும் ஆலைகளுக்கு வேலைக்கு வந்து தங்கியவர்கள். எங்கள் டைனிங் ரூமில் பாதிப் பேர் பிலிப்பினோக்கள். ஒரு அண்ணன் என்னை அங்கே கூட்டிப்போய், தன் ஊர்க்காரர்கள் எப்படி இங்கே வந்தார்கள் என்று ஒரு மணி நேரம் சொன்னார். அன்றுதான் அந்த ஊரில் எனக்கு ஒரு பிடிப்பு வந்தது. உங்களோடு வேலை செய்பவர்களை அவர்களுக்குத் தெரிந்த இடத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். கையேட்டில் இல்லாதது கிடைக்கும்.

மெண்டன்ஹால் பனியாறு ஊரிலிருந்து பன்னிரண்டு மைல் அளவு. மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் போகவே போகாதீர்கள். நகரப் பேருந்துக்கு இரண்டு டாலர். ஆனால் அது பனியாறு வரை போகாது, இறங்கி ஒன்றரை மைல் நடக்க வேண்டும், அப்புறம் நகெட் அருவிக்கு இன்னொரு மைல். இரண்டாம் பருவத்தில் நான் இதில் மாட்டினேன். திரும்பும்போது வந்த பேருந்து நிறைந்து நிற்காமல் போய்விட்டது, அடுத்ததற்கு அரை மணி நேரம். டாக்சி பிடித்து நாற்பது டாலருக்கு மேல் கொடுத்து, கேங்வே மூட ஒன்பது நிமிடம் இருக்கும்போது வந்து சேர்ந்தேன். பயணிகளுக்குச் சொல்லும் நேரத்தைவிட ஊழியர்கள் திரும்ப வேண்டிய நேரம் முன்னதாகவே இருக்கும் என்பதை மறக்காதீர்கள். கைபேசி மணியையும் நம்ப வேண்டாம். சியாட்டிலுக்கும் அலாஸ்காவுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம், கப்பல் எந்த மணியில் ஓடுகிறதோ அதைத்தான் கையில் ஒரு சாதாரண வாட்ச்சில் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஐந்து பருவம் முடியும் வரை நான் பனியாற்றுக்கு ஐ.பி.எம்., ட்ரில் இரண்டும் இல்லாத நாளில், காலை ஷிஃப்ட்டும் லேசாக இருந்தால் மட்டுமே போனேன். பருவத்துக்கு இரண்டு தடவை. அதுவே போதும். பனிச்சுவர் பின்வாங்குவது வருடத்துக்கு வருடம் கண்ணுக்கே தெரிகிறது. முதல் பருவத்தில் நான் எடுத்த படத்தையும் கடைசிப் பருவத்தில் அதே பாறையில் நின்று எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் மனசு கனக்கிறது.

நேரம் குறைவான நாளில் ஜூனோவில் நூலகம் போங்கள். துறையை ஒட்டிய கார் நிறுத்தக் கட்டடத்தின் மேல் மாடியில் இருக்கிறது, கண்ணாடிக்கு வெளியே கப்பல்கள், இலவச வைஃபை. வீட்டுக்கு அழைக்கிற கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் அலாஸ்காவுக்கும் நமக்கும் பதிமூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை பத்து என்றால் வீட்டில் இரவு பதினொன்றரை. பகல் ஒரு மணிக்கு அழைத்தால் அதிகாலை இரண்டரைக்கு அம்மாவை எழுப்புவீர்கள். அதனால் இறங்கியதும் முதல் வேலை போன், மற்றதெல்லாம் பிறகு. என் அம்மா செவ்வாய்க்கிழமை மட்டும் பதினொன்றரை வரை தூங்காமல் இருப்பார், அது எங்கள் ஜூனோ நாள்.

ஸ்காக்வேயில் நிரந்தரமாக வசிப்பவர்கள் ஆயிரத்துச் சொச்சம்தான். நாலைந்து கப்பல் நிற்கும் நாளில் பத்தாயிரம் பேருக்கு மேல் இறங்குவார்கள். ரயில்வே டாக் பக்கம் நின்றால், பாறைச் சுவரில் கப்பல்களின் பெயர், சின்னம், கேப்டன் பெயர் எல்லாம் வண்ணத்தில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். 1920களிலிருந்து கப்பல் ஊழியர்கள் கயிற்றில் தொங்கி எழுதியவை. உடைத்துப் போட்டுவிட்ட கப்பல்களின் பெயர்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. அந்த ஊரில் நம் தொழில்காரர்கள் விட்டுப்போன கையெழுத்து அது ஒன்றுதான், நின்று படியுங்கள். 2022இல் அங்கே பாறை சரிந்து டாக்கின் ஒரு பகுதியை மூடினார்கள், அதனால் வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் போதும்.

ஊர் முழுக்க 1897-98 தங்க வேட்டையின் கதை. தங்கம் கிடைத்த கனடாவின் க்ளாண்டைக் பகுதிக்குப் போகிறவர்கள் ஏறக்குறைய ஒரு டன் சாமான் வைத்திருந்தால்தான் கனடாப் போலீஸ் எல்லையைத் தாண்ட விடும். அதைத் தோளில் சுமந்து, ஒரே ஏற்றத்தை இருபது முப்பது தடவை ஏறி இறங்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தேசியப் பூங்கா ரேஞ்சர்கள் நடத்தும் இலவச நடைச் சுற்றில் இதையெல்லாம் கட்டடம் கட்டடமாகக் காட்டுவார்கள், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஊர் பார்க்கத் தொடங்கும் முதல் வாரம் அதற்குப் போங்கள். நல்ல நாளில் லோயர் டூயி ஏரி, துறையிலிருந்தே நடந்து ஏறலாம், ஏற்றம் செங்குத்து, ஏறி இறங்க ஒன்றரை மணி. வழியோரம் ஃபயர்வீட் என்ற இளஞ்சிவப்புப் பூ ஜூலையில் தண்டின் அடியில் தொடங்கி மேல்நோக்கிப் பூத்துக்கொண்டே போகும். உச்சிப் பூ உதிர்ந்தால் கோடை முடிந்தது என்பது அங்கத்தி வழக்கு. வாரா வாரம் அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து, காண்ட்ராக்ட் முடிய எத்தனை வாரம் என்று நாங்கள் கணக்குப் போடுவோம்.

சில கப்பல்கள் ஸ்காக்வேக்குப் பதிலாக ஹூனா பக்கத்து ஐஸி ஸ்ட்ரெய்ட் பாயின்டில் நிற்கும். டிலிங்கிட் மக்களின் நிறுவனமே நடத்தும் துறை, 1912இல் கட்டிய பழைய மீன் ஆலைதான் மையம். ஆலையோடு நின்றுவிடாமல் கடலோரமாக ஒன்றரை மைல் நடந்து ஹூனா ஊருக்கே போய் வாருங்கள். சில சுற்றுகளில் வரும் இன்னொரு ஊர் சிட்கா. அங்கே பெரும்பாலான பெரிய கப்பல்கள் ஊருக்கு ஐந்து மைல் தள்ளி நிற்கும், இலவசப் பேருந்து விடுவார்கள், அந்த நேரத்தையும் கழித்துக்கொள்ளுங்கள்.

கரடி விஷயம் விளையாட்டில்லை. காட்டுப் பாதைக்குத் தனியாகப் போகாதீர்கள், பேசிக்கொண்டே நடங்கள், சாப்பாடு கொண்டுபோகாதீர்கள், பார்த்தால் ஓடாதீர்கள். எந்தப் பாதை என்று அறைத் தோழரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

செலவு? வாரத்துக்குப் பத்துப் பதினைந்து டாலர் ஒதுக்கினால் தாராளம். பல கஃபேக்களில் க்ரூ கார்டைக் காட்டினால் தள்ளுபடி உண்டு. திமிங்கிலப் படகு போன்றவற்றில் இடம் காலியாக இருந்தால் ஊழியர்களைச் சும்மாவோ குறைந்த காசுக்கோ ஏற்றிக்கொள்வதுண்டு. கிளம்பும் நேரத்தில் போய்ப் பணிவாக ஒரு தடவை கேளுங்கள், இல்லை என்றால் நன்றி சொல்லி நகருங்கள். அடுத்த வாரமும் அதே முகத்தைப் பார்க்கப்போகிறீர்கள். ஜூலை வாக்கில் அவர்களே கூப்பிடுவார்கள்.

கடைசியாக ஷூ. வேலைக்குப் போடும் கறுப்பு ஷூவோடு கரையில் கால் வைக்க வேண்டாம். தண்ணீர் உள்ளே விடாத, அடியில் நல்ல பிடிப்புள்ள நடை ஷூ ஒன்று போதும். க்ரீக் ஸ்ட்ரீட் பலகை மழையில் வழுக்கும். ஊர்க்காரர்கள் எக்ஸ்ட்ராடஃப் என்ற பழுப்பு ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பார்கள். பார்த்தால் ஆசை வரும், நம் கேபின் லாக்கரில் அதற்கு இடம் இருக்காது. கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி, தலைமூடி உள்ள மழைக் கோட்டு, அவ்வளவுதான். ஜூனோவில் ஷூ நனைந்துவிட்டால் பயணிகளுக்குக் கொடுக்கும் பழைய நிகழ்ச்சிநிரல் தாள்களைக் கசக்கி உள்ளே திணித்து, டின்னர் முடிந்து வந்ததும் ஒரு தடவை தாளை மாற்றி வையுங்கள். விடிவதற்குள் ஈரத்தை இழுத்துவிடும். மறுநாள் ஸ்காக்வே.